வக்காலத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா?

வக்கீல் குடும்பத்தில் பிறக்காமல், கைதூக்கிவிடத் தெரிந்தவர் யாரும் இல்லாமல், சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டமும் அரசியலமைப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். ஓர் அலுவலகத்தில் சேரும்போது என்ன கேட்க வேண்டும், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், உயர்வு எப்படி வருகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே வந்தபோது எனக்கு வர வேண்டிய பணம் ஒரு லட்சத்துக்கு மேல் நின்றுபோயிருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு, அத்தனை வருடம் செய்த வேலைக்கு என்னிடம் காட்ட ஆதாரமே இல்லாமல் போனது.

பாரிமுனைப் பக்கம் இருந்தது அந்த அலுவலகம். ஒரு பெரிய சீனியரின் சேம்பராகத் தொடங்கி, பிறகு சட்ட நிறுவனமாக வளர்ந்த இடம். மூன்று பார்ட்னர்கள், பத்துப் பன்னிரண்டு ஜூனியர்கள், இரண்டு குமாஸ்தாக்கள். சிவில், வணிக வழக்குகள், ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் முன் நடப்பது) என்று நல்ல வேலை. நேர்காணல் பத்து நிமிடம்கூட இல்லை. "எந்த ஊரும்மா? டிராஃப்டிங் வருமா? சரி, திங்கட்கிழமையிலிருந்து வந்துடு." அவ்வளவுதான். பணத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை. ஜூனியர் பணத்தைப் பற்றிக் கேட்பது மரியாதை இல்லை என்றுதான் எனக்கு முன்னால் சேர்ந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். மாதம் முடிந்ததும் கவரில் எட்டாயிரம் ரூபாய் வந்தது. விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அது போதவில்லை. முதல் இரண்டு வருடமும் அப்பா ஊரிலிருந்து பணம் அனுப்பினார். பிள்ளை வக்கீலாகிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷனிடம் மாதா மாதம் போன் செய்து பணம் கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எழுதினால் நீளும். விட்டுவிடுகிறேன்.

இன்று சேருகிறவர்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர் வக்கீல்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் கொடுக்கப்பட வேண்டும் என்று சொல்லி, அதற்கான நடவடிக்கை எடுக்கும்படி, வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் மாநில பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில், நகர்ப்புறத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் அந்தச் சுற்றறிக்கை ஒரு பரிந்துரைதான். அதைக் காட்டி நாளைக்கே யாரும் பணத்தை எண்ணி வைத்துவிட மாட்டார்கள். அதன் பயன் வேறு. முன்பெல்லாம் ஜூனியர் பணம் கேட்டால் பேராசை என்று பார்ப்பார்கள். இப்போது உயர் நீதிமன்றமே ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறது. "சார், ஹைகோர்ட் சொன்ன தொகையை ஒட்டி எவ்வளவு கொடுப்பீர்கள் என்று தெரிந்தால் வீட்டுக்குச் சொல்ல வசதியாக இருக்கும்" என்று மரியாதையாகக் கேட்கலாம். சேருவதற்கு முன்னால் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் அது சம்பள உயர்வு கேட்பது போல ஆகிவிடும்.

பணத்தோடு ஒட்டிய இன்னொரு விஷயம். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49-ஆவது விதிப்படி, தொழில் செய்கிற வக்கீல் யாருக்கும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. அதனால் சட்ட நிறுவனங்கள் நமக்குத் தருவதைச் சம்பளம் என்று கணக்கில் எழுதுவதில்லை. ரீட்டெய்னர் (மாதா மாதம் தரும் கட்டணம்) என்றோ தொழில்முறைக் கட்டணம் என்றோ எழுதுகிறார்கள். வருங்கால வைப்பு நிதி கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, நீங்களாகக் கேட்டு எழுதி வாங்கினாலொழிய நோட்டீஸ் காலமும் கிடையாது. காலையில் பத்து மணிக்கு வரச்சொல்லி, ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொல்லி, லீவுக்கு அனுமதி கேட்க வைத்து எல்லா வகையிலும் ஊழியராக நடத்துவார்கள். கணக்கில் மட்டும் நாம் தனித் தொழில் செய்கிறவர்கள்.

சரி, கணக்கில் அப்படித்தான் என்றால் நாமும் அப்படியே நடந்துகொள்ளலாம். மாதா மாதம் ஒரு பக்கத்தில் கட்டண பில் எழுதி அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். எந்த மாதத்துக்கு, எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கு, இவ்வளவு போதும். பணம் நின்றுபோகும்போதுதான் அதன் அருமை தெரியும். எனக்கு இரண்டாம் வருடத்திலிருந்து கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடித்தார்கள். பிடித்ததைத் துறைக்குக் கட்டினார்களா என்பதை வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தில் பார்க்கலாம் என்று ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த என் அறைத்தோழி சொன்னாள். பார்த்தால் ஒரு காலாண்டு முழுக்கக் காணோம். அக்கவுண்ட்ஸ் அண்ணனிடம் கேட்டுக் கேட்டு மாதங்கள் கழித்துத்தான் ஏறியது. நம்முடைய வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். எட்டாயிரம், பத்தாயிரம் வாங்குகிற காலத்தில் ஒரு மாத வாடகை அப்படித் திரும்பி வருவது பெரிய விஷயம்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே கற்றுக்கொண்டதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வழக்குரை எழுதுவது, இடைக்கால மனுவுக்கு அஃபிடவிட் தயார் செய்வது, முன்தீர்ப்புகளைத் தேடித் தொகுப்பது எல்லாம் அந்த அலுவலகம் கொடுத்ததுதான். என் டிராஃப்ட் நன்றாக வரும் என்று மூன்று பார்ட்னர்களும் சொல்வார்கள். அதனாலேயே நான் மேசையை விட்டு எழ முடியாமல் போயிற்று. மற்ற ஜூனியர்கள் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் வாய்தா வாங்கி, அவசர வழக்கை எடுக்கச் சொல்லி மென்ஷன் செய்து, நீதிபதி முன்னால் திட்டு வாங்கிப் பழகினார்கள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்த நாளைக்கான மனுவை அடித்துக்கொண்டிருந்தேன்.

வக்காலத்து விஷயம் அப்போதுதான் கண்ணில் பட்டது. வழக்கு நடத்தும் கட்சிக்காரர் தன் வக்கீலை நியமித்துக் கையெழுத்திடும் வக்காலத்துப் படிவத்தின் நடுவில் வக்கீல்களின் பெயரை எழுத இடம் விட்டிருப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அதற்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. மூன்று பார்ட்னர்களின் பெயரும் பதிவு எண்ணும் அதில் இருக்கும். குமாஸ்தா அண்ணன் மையில் தொட்டு ஒரே குத்தாகக் குத்துவார். வக்கீல் நல நிதி வில்லையை ஒட்டுவார். கட்சிக்காரர் கையெழுத்துப் போடுவார். வேலை முடிந்தது. ஒருநாள் கேட்டேன்.

"அண்ணே, என் பேரையும் சேர்த்துக்கலாமா?"

"ஸ்டாம்ப்ல இடம் இல்லையேம்மா. சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க. அவர் சரின்னா கையால எழுதிடறேன்."

சாரிடம் கேட்டேன். "இப்ப என்னம்மா அவசரம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு அதில் அவசரம் எதுவும் தெரியவில்லை. அவர் பெயர் ஆயிரக்கணக்கான வக்காலத்தில் இருக்கிறது. எனக்கு அது ஏன் வேண்டும் என்று எடுத்துச் சொல்ல அன்றைக்கு எனக்கும் சட்டக் காரணம் எதுவும் கையில் இல்லை.

காரணம் இதுதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 3, விதி 4 என்ன சொல்கிறது? எழுத்து மூலமான நியமனம் இல்லாமல் ஒரு வக்கீல் ஒருவருக்காக நீதிமன்றத்தில் செயல்பட முடியாது. அந்த நியமனம்தான் வக்காலத்து. அதில் பெயர் இருந்தால்தான் அந்த வழக்கில் நீங்கள் வக்கீல். வாதம் மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் அதே விதியின்படி ஆஜர் மெமோ தாக்கல் செய்யலாம். இரண்டும் இல்லாமல் எத்தனை இரவு கண் விழித்து எழுதினாலும் நீதிமன்றப் பதிவேட்டைப் பொறுத்தவரை நீங்கள் அந்த வழக்கில் இல்லை. இன்று என்னிடம் யாராவது ஜூனியர் யோசனை கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன். சேரும்போதே, "புதிதாக வருகிற வழக்குகளில் என் பெயரையும் வக்காலத்தில் சேர்ப்பீர்களா சார்?" என்று கேளுங்கள். எல்லா வழக்கிலும் வேண்டாம். நீங்கள் உழைக்கிற வழக்குகளில் போதும். அலுவலகத்துக்கு இதில் ஒரு பைசா செலவில்லை. பல சீனியர்கள் கேட்டால் மறுப்பதும் இல்லை.

மூன்றாவது வருடம் ஒரு வணிக வழக்கு வந்தது. பிரதிவாதி தரப்பில் நாங்கள். வணிக வழக்குகளில் சம்மன் கிடைத்த நாளிலிருந்து 120 நாட்களுக்குள் பிரதிவாதி தன் பதிலை, அதாவது எதிர்வழக்குரையை, போட வேண்டும். அந்த நாள் தாண்டினால் உரிமை போய்விடும், நீதிமன்றமும் நீட்டித்துத் தர முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்சிக்காரர் சம்மனை மேசையில் வைத்துக்கொண்டே காலத்தைக் கடத்திவிட்டு எங்களிடம் வந்தார். நாள் எண்ணிப் பார்த்தால் ஒரு வாரம்தான் மிச்சம். கட்டு என் மேசைக்கு வந்தது. ஆவணங்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய. பில்களைத் தேதி வாரியாக அடுக்கி, மின்னஞ்சல்களை அச்செடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் மறுப்பு எழுதி, சொன்னதெல்லாம் உண்மை என்று கட்சிக்காரர் உறுதி தரும் சத்திய உரையோடு கடைசி நாளுக்கு முந்தின நாள் தாக்கல் செய்தோம். பிறகு இடைக்காலத் தடை மனு விசாரணைக்கு வந்தது. பார்ட்னர் வாதாடினார், நான் பின்வரிசையில் இருந்தேன். நீதிபதி ஒரு மின்னஞ்சலைப் பற்றிக் கேட்டார். சார் பக்கத்தைத் தேடித் திணறினார். எனக்கு அந்தப் பக்க எண் மனப்பாடம். சீட்டில் எழுதி நீட்டினேன். அந்த ஒரு பக்கத்தில்தான் தடை மனு தள்ளுபடி ஆனது. உத்தரவு நகல் வந்தபோது முதல் பக்கத்தைத்தான் ஆசையாகப் பார்த்தேன். பிரதிவாதிக்காக ஆஜரானவர்கள் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. அன்று இரவு விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதேன். வெளியில் சொன்னால், இதற்குப் போய் அழுவாயா என்பார்கள். வேலை செய்தவளுக்குத்தான் அது தெரியும்.

உத்தரவில் பெயர் வர ஒரு எளிய வழி இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. உத்தரவைச் சுருக்கெழுத்தில் எடுப்பவர், யார் ஆஜரானார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். பெயரைத் தெளிவாக எழுதிய சீட்டை அவரிடம் கொடுத்துவிட்டால் போதும். ஆனால் வாதாடுகிற சீனியரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவர் பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்தே பதிவாகட்டும். வக்காலத்தில் பெயர் இருந்தால் இதைக் கேட்பதே சுலபமாகிவிடும்.

உயர்வு கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் "வர்ற ஏப்ரலில் உன்னை சீனியர் அசோசியேட் ஆக்கிடலாம்" என்பார்கள். ஏப்ரல் வந்தால் பணம் கொஞ்சம் கூடும். பதவி வராது. நான்காவது வருடம் வெளியிலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிட ஒரு வருடம் இளையவர். வந்த அன்றே சீனியர் அசோசியேட். அவர் டிராஃப்டை நான்தான் திருத்திக் கொடுத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனிதர். என் மனசுதான் ஆறவில்லை. மூன்று பார்ட்னர்களில் ஒருவர் பெண். அவரிடம் நேராகப் போய்க் கேட்டேன். அவர் மழுப்பாமல் சொன்னார்.

"நீ எழுதறது எங்க மூணு பேருக்கும் தெரியும்மா. கட்சிக்காரருக்குத் தெரியாது, கோர்ட்டுக்கும் தெரியாது. அவர் ரெண்டு கம்பெனியைக் கூட்டிட்டு வந்திருக்கார். அதோட, உன்னை அந்த மேசையிலிருந்து எழுப்பினா நாளைக்கு யார் எழுதறது?"

கேட்கும்போது வலித்தது. ஆனால் அந்த அலுவலகத்தில் எனக்கு யாராவது உண்மையைச் சொன்னார்கள் என்றால் அது அவர்தான். பிறகு வேறு நிறுவனங்களில் இருக்கும் நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தபோதும் இதே கணக்குதான் வந்தது. அசோசியேட்டாக இருக்கும்வரை, வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பார்கள். அதற்கு மேலே போக வேண்டுமென்றால், ஒரு வழக்கைத் தாக்கல் முதல் தீர்ப்பு வரை தனியாக நடத்துவாரா, கட்சிக்காரர் ஒரு சந்தேகம் வந்தால் யாருக்கு போன் செய்கிறார், அனுப்பின பில்லுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வருவாரா என்று பார்க்கிறார்கள். பார்ட்னர் ஆக்குவதற்கு இவற்றோடு, புது வேலையை உள்ளே கொண்டு வருகிறாரா என்பதும் சேரும். டிராஃப்டிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது முதல் படியில் மட்டும்தான் எண்ணப்படும். இதை முதல் வருடத்திலேயே எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அதன் பிறகு சில காரியங்களைச் செய்தேன். சிறிய வழக்கு ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை என்னிடமே விடும்படி கேட்டேன். சிட்டி சிவில் கோர்ட்டில் ஒரு பணவசூல் வழக்கு கிடைத்தது. சின்ன வழக்கு என்று யாரும் போட்டிக்கு வரவில்லை. சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் நானே செய்தேன். நான்கு வருட டிராஃப்டிங்கில் கிடைக்காத தைரியம் அந்த ஒரு குறுக்கு விசாரணையில் வந்தது. கட்சிக்காரருக்கு விசாரணை முடிந்ததும் அன்றே இரண்டு வரி மின்னஞ்சல் போகும். பார்ட்னருக்கு நகல் வைத்து, என் பெயரில் அனுப்பினேன். என்ன நடந்தது, அடுத்த தேதி எது, அவர் என்ன கொண்டுவர வேண்டும் என்று மட்டும் இருக்கும். மூன்று மாதத்தில் அவர்கள் நேராக எனக்கு போன் செய்ய ஆரம்பித்தார்கள். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவருக்கு உட்கார்ந்து டிராஃப்டிங் சொல்லிக் கொடுத்தேன். மேசையில் இன்னொரு கை இருந்தால்தான் நம்மைக் கோர்ட்டுக்கு விடுவார்கள். உயர்வைப் பற்றி வாய்வார்த்தையாகக் கேட்பதையும் நிறுத்திவிட்டு, "சீனியர் அசோசியேட் ஆக என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், எந்த மாதத்துக்குள் முடிவு செய்வீர்கள்" என்று மின்னஞ்சலில் கேட்டேன். பதில் வரவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வெளியே வழி தேடத் தொடங்கினேன்.

அப்போதுதான் பெரிய அடி விழுந்தது. ஒரு பொதுத்துறை வங்கியின் பேனல் வக்கீல் (அதன் வழக்குகளை நடத்தும் பட்டியலில் உள்ள வக்கீல்) விண்ணப்பத்தையும், இலவச சட்ட உதவிக்கான பேனல் விண்ணப்பத்தையும் ஒன்றாக எடுத்துவைத்து உட்கார்ந்தேன். சட்ட உதவிப் பேனலுக்குப் பொதுவாக மூன்று வருட அனுபவம் வேண்டும். என்னிடம் அதைவிட அதிகமாகவே இருந்தது. அடுத்த பத்தியில், நடத்திய முக்கிய வழக்குகளின் பட்டியலும் உங்கள் பெயர் இருக்கும் உத்தரவு நகல்களும் என்று கேட்டிருந்தார்கள். நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரையோ பார் கவுன்சில் பதிவு எண்ணையோ கொடுத்துத் தேடலாம். என் பதிவு எண்ணைப் போட்டேன். விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் வந்தது. நான் எழுதிய நூற்றுக்கணக்கான மனுக்கள் எல்லாம் வேறு பெயர்களில் அந்தத் தளத்தில் இருந்தன. வங்கியில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருடம் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால் காட்ட எதுவும் இல்லை என்ற அந்த உணர்வை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஆதாரம் சேர்க்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம் போயிற்று. தனியாக நடத்திய சிட்டி சிவில் வழக்கின் தீர்ப்புக்கு நகல் மனு போட்டேன். பதிவு செய்த புதிதில் ஊரில் ஒரு சீனியரோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆஜரான ஜாமீன் உத்தரவுகளைத் தேடிப் போய் எடுத்தேன். உயர் நீதிமன்ற உத்தரவுகளில் என் பெயர் தப்பித்தவறி இருக்கும் சிலவற்றைப் பொறுக்கினேன். அலுவலகத்திடம் அனுபவச் சான்று கேட்டேன். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இங்கே இருந்தார் என்று ஒரு வரி, அதுவும் பல மாதம் கழித்து வந்தது. இதையெல்லாம் அன்றன்றைக்குக் குறித்து வைத்திருந்தால் ஒரே மாலையில் முடிந்திருக்கும். ஒரு நோட்டுப் போடுங்கள். வழக்கு எண், இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும் 16 இலக்க சிஎன்ஆர் எண், நீதிமன்றம், தேதி, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு வரி போதும். உங்கள் பெயர் வந்த உத்தரவை அன்றைக்கே தரவிறக்கி வையுங்கள். ஆனால் கட்சிக்காரரின் ஆவணத்தையோ அலுவலக டிராஃப்டையோ ஒருபோதும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அது இரகசியம் காக்க வேண்டிய நம் கடமைக்கு விரோதம், நாளைக்கு உங்களையே திருப்பிக் குத்தும். நீதிமன்ற உத்தரவு அப்படியல்ல, அதை வைத்துக்கொள்ளத் தடையில்லை.

விலகுவதாகச் சொன்னதும் நிலைமை மாறியது. திடீரென்று "லெட்டர்ஹெட்டில் உன் பெயரை பார்ட்னர் என்று போட்டுவிடலாம்" என்றார்கள். லாபத்தில் பங்கு உண்டா என்று கேட்டேன். இல்லை, அதே ரீட்டெய்னர்தான். கூட்டாண்மைப் பத்திரத்தில் பெயர் வருமா? அதுவும் இல்லை. கேட்கச் சந்தோஷமாக இருந்தாலும் சட்டத்தைப் புரட்டினேன். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி நிறுவனத்தின் கடனுக்கும் பொறுப்புக்கும் ஒவ்வொரு பார்ட்னரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. 28-ஆவது பிரிவின்படி, உள்ளபடி பார்ட்னராக இல்லாவிட்டாலும், பார்ட்னர் என்று காட்டிக்கொள்ள விட்டால், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்கு நாமும் பதில் சொல்ல வேண்டும். லாபத்தில் பங்கில்லை, பொறுப்பில் மட்டும் பங்கு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தால் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, லாபப் பங்கு, முதலீடு, விலகும்போது கணக்கு எப்படி என்று படித்த பிறகு பதில் சொல்லுங்கள். எல்.எல்.பி., அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை என்றால் பொறுப்பு வேறு மாதிரி இருக்கும். அப்போதும் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

விலகும்போது கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு "என்னிடம் வாருங்கள்" என்று சொல்லக் கூடாது. பார் கவுன்சில் விதிகளில் 36-ஆவது விதி வேலை கேட்டுப் போவதைத் தடுக்கிறது. நான் யாரையும் கூப்பிடவில்லை. அந்தப் பணவசூல் வழக்கின் கட்சிக்காரர் மேல்முறையீட்டுக்குத் தானாகவே என்னைத் தேடி வந்தார். ஏற்கெனவே வேறு வக்கீலின் வக்காலத்து இருக்கும் வழக்கில் அவருடைய சம்மதம் வாங்க வேண்டும், கிடைக்காவிட்டால் காரணம் சொல்லி நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும் என்று 39-ஆவது விதி சொல்கிறது. மேல்முறையீடு புது வழக்கு என்றாலும் மரியாதைக்காகச் சம்மதம் கேட்டேன். கட்டைத் தர இழுத்தடித்தார்கள். கட்சிக்காரர் பாக்கி வைத்திருந்தாலும் வக்கீல் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கட்சிக்காரரே ஒரு கடிதம் கொடுத்தார். அந்த வாரமே கட்டு வந்துவிட்டது.

நீதிபதித் தேர்வு எழுதும் எண்ணம் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. பார் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அதைக் கணக்கிடலாம் என்றது. பத்து வருட அனுபவமுள்ள வக்கீல் சான்று கொடுக்க வேண்டும், அதை நீதித்துறை அதிகாரி மேலொப்பமிட வேண்டும். மாவட்ட நீதிபதி நேரடி நியமனத்துக்கு அரசியலமைப்பின் 233-ஆவது பிரிவு ஏழு வருடம் கேட்கிறது. மேசையை விட்டு எழாமல் டிராஃப்ட் மட்டும் எழுதுகிற ஜூனியருக்கு அந்தச் சான்றை யார், எதை வைத்துக் கொடுப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது கோர்ட்டில் நில்லுங்கள், வாய்தா வாங்குவதற்கானாலும் சரி.

என் பாக்கிப் பணத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கடைசி மூன்று மாத ரீட்டெய்னர், மாதம் முப்பத்தைந்தாயிரம். கேட்டபோதெல்லாம் "கணக்கு முடித்துத் தருகிறோம்" என்றார்கள். பாரில் எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்கள், வழக்கு என்று போனால் பெயர் கெடும் என்று சொன்னவர்களும் உண்டு. நானும் அதையே நினைத்துப் பல மாதம் பேசாமல் இருந்தேன். ஆனால் வேலைக்கான கூலியை வசூலிக்கக் காலவரம்பு மூன்று வருடம். அது முடிவதற்குள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டிருந்தால், காலவரம்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். நான் அனுப்பிய பில்களுக்கு அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து, மூன்று மாதத் தொகையையும் குறிப்பிட்டு, விரைவில் தருவதாக ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். நோட்டீஸ் எழுதியாகிவிட்டது, இந்த வாரம் ஸ்பீட் போஸ்டில் போகிறது.